நமுக்காத அட்டை

“சுவரெல்லாம் உப்பிப்போச்சு மாஸ்டர்! ஒரே ராத்திரியில பத்து வீடும் கோணிக்கிச்சு. இதைக் கொண்டுபோய் எவன்கிட்ட காட்டறது?”

காண்ட்ராக்டர் ராஜாங்கம் வாசலில் நின்று கத்திய கத்தலுக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. டிராயிங் மாஸ்டர் செல்வநாதன் பதறிப்போய் ஒரு வீட்டைக் கையில் எடுத்தார். வீடு என்றால் அட்டை வீடு, ஒரு சாண் உயரம்.

உப்பளத் தொழிலாளிகளுக்குச் சர்க்கார் செலவில் கட்டப்போகிற காலனிக்கு அவர் செய்த மாடல் அது. மரக்காணத்துக் காற்று பட்டால் இரும்பே துருவாகக் கொட்டும், அட்டை எம்மாத்திரம்?

“நீங்க குடுத்தது வைக்கோல் அட்டைங்க. நோட்டு பைண்டு பண்ணத்தான் ஆகும். இந்த ஊர் காத்துக்கு அப்பளமா நமுத்துடும்.”

“அப்ப எது நமுக்காதோ அதை நீங்களே பார்த்து வாங்குங்க. ஒரு சுவர் வளைஞ்சிருந்தாலும் எனக்கு ஆவாது. அடியில பலகை, பேர் எழுதற போர்டு, பொம்மை மரம் எதுவும் வேணாம். வீடு தரையிலேயே நிக்கணும்.”

வெறும் மாடலுக்கு இத்தனை கறார் பண்ணுகிற காண்ட்ராக்டரை மாஸ்டர் பார்த்ததில்லை. மாடலுக்கே இவ்வளவு அக்கறை என்றால் வீட்டை எப்படிக் கட்டுவார் என்று நெகிழ்ந்தே போனார். பாவம், மனுஷன் படம் வரைகிறவர்.

பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி, கடை கடையாக அட்டையை வளைத்தும் விரலால் சுண்டியும் பார்த்தார். ஸ்வீட் பாக்ஸ் அட்டை தொளதொளவென்று இருந்தது, காலண்டர் அட்டை மடித்த இடத்தில் பிளந்தது. கடைசியில் சுண்டினால் டக்கென்று கெட்டியாகச் சத்தம் கொடுத்த மில் போர்டு அட்டையை வாங்கினார். அதிலும் நம்பிக்கை வராமல் ஒரு துண்டை உப்புப் பாத்தி வரப்பில் போட்டுவைத்து, மறுநாள் போய்ப் பார்த்தார். கொஞ்சமும் வளையவில்லை.

அட்டையின் நார் நெட்டுக்குத்தாக நிற்கிற மாதிரி சுவர்களை வெட்டினார். உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ் அடித்தார். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அட்டை சுருண்டுகொள்ளும்.

உப்பு வாரிவிட்டுப் போகிற வழியில் பாஞ்சாலை தினமும் நின்று பார்ப்பாள். போன ஐப்பசிப் புயலில் அவள் குடிசை போய்விட்டது. வயசுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு தார்ப்பாயின் கீழ் கிடக்கிறாள். காலனியில் உனக்கும் ஒன்று உண்டு என்று ராஜாங்கமே சொல்லியிருந்தார்.

“இதுல எது மாஸ்டரே என்னுது?”

“இதோ, ஓரத்து வீடு.”

“கதவைக் கடல் பக்கம் வெக்காதீங்க. மழை நாள்ல சாரல் உள்ள வந்துடும், பொண்ணு படுக்க எடம் இருக்காது.”

மாஸ்டர் ஒட்டிய கதவைப் பெயர்த்தெடுத்து மறுபக்கம் வைத்தார். “மாடல் எப்படியோ வீடும் அப்படித்தான் வரும் பாஞ்சாலை,” என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலை முடிந்ததும் ராஜாங்கம் ஒரு போட்டோகிராபரோடு வந்து இறங்கினார். வீடுகளைக் கூடையில் வைத்து உப்பளத்துக்குச் சுமந்தவள் பாஞ்சாலைதான். வேறு யாரையும் அவள் தொடவிடவில்லை.

“கலர் வேணாம்ப்பா, கறுப்பு வெள்ளையே போதும்,” என்றார் ராஜாங்கம். புல் பூண்டு இல்லாத வெட்டவெளி அது. அங்கே வீடுகளை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் கைப்பிடி கைப்பிடியாக உப்பைக் குவித்தார். போட்டோகிராபர் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தான்.

பாஞ்சாலை ஆசையாகப் போய் ஓரத்து வீட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா, எழுந்து தள்ளிப் போ! ஆளு பக்கத்துல இருந்தா வீடு சின்னதா தெரியும்.”

அவள் கூச்சத்தோடு விலகினாள். கேமரா நாலைந்து தடவை கிளிக் என்றது.

“இன்னைக்கே படத்தைக் கழுவிக் குடுத்துடுப்பா, பில்லோட மேல அனுப்பணும்,” என்ற ராஜாங்கம், மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பிரமாதமான அட்டை மாஸ்டர்! ஒரு சுவர்கூட வளையலையே.”

மாஸ்டர் அந்த உப்புக் குவியலையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். கையை உருவிக்கொண்டார்.

பாஞ்சாலைக்கு அதெல்லாம் தெரியவில்லை. உப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“எப்பங்க வீடு கட்ட ஆரம்பிப்பீங்க?”

ராஜாங்கம் சிரித்தார்.

“அதான் கட்டி முடிச்சு போட்டோவும் எடுத்தாச்சேம்மா!”