கறுப்புப் பாதை

"வெள்ளையெல்லாம் தீ, கறுப்பு குளிர்ந்த இடம். கறுப்பு ஒண்ணு வாய்க்கால் மாதிரி கிழக்கால போகுது. அதைப் பிடிச்சு ஓடு மாப்ளே!"

ராஜாராமன் வயர்லெஸ்ஸில் கத்தினார். விமானத்திலிருந்து எடுத்த வெப்பப் படத்தின் பிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

பாங்குரா காட்டில் தீ. உள்ளே மாட்டிக்கொண்ட ஏழு பேரில் ரேஞ்சர் செல்வராஜும் ஒருவன். ராஜாராமனின் மனைவி சங்கரிக்கு ஒரே தம்பி. புகையில் அவர்களுக்கு நீட்டிய கை தெரியவில்லை. வழி சொல்ல, கல்கத்தா வனத்துறை ஆபீசில் இருக்கும் இந்தப் படம் ஒன்றுதான்.

அதுவும் லேசில் வந்ததா? ஆபீஸ் இருட்டறையில் படம் கழுவப் போன நேரம் பார்த்து லோட்ஷெடிங். பாழாய்ப்போன கரண்ட்டை நம்பாமல், சொந்த ஜெனரேட்டர் உள்ள டாலிகஞ்ச் சினிமா லேபில் இருக்கும் வேலாயுதத்துக்கு டாக்சியில் கொடுத்தனுப்பி, "உசுரு போற அவசரம்பா" என்று கெஞ்சி வாங்கியது. இன்னும் ஈரம்கூடக் காயவில்லை.

"மேற்கே ஏரி இருக்குன்னு எழுதியிருந்தானே. தண்ணிக்குள்ள இறங்கச் சொல்லுங்களேன்" என்றாள் சங்கரி. சேதி கேட்டு, கட்டிய புடவையோடு ஓடி வந்திருந்தாள்.

"ஏரியப் பாரு, பளீர்னு வெள்ளையா இருக்கு. கரையெல்லாம் பத்திக்கிச்சு. அங்க போனா செத்தான்."

வயர்லெஸ் கரகரத்தது. "அத்தான்... கிழக்கே போகப் போக அனல் ஜாஸ்தியாகுது. பசங்க ஏரிக்கே திரும்பிடலாங்கறாங்க."

"திரும்பாதே! படம் பொய் சொல்லாது. இன்னும் அரை மைல்தான், ஓடு!"

"சரி அத்தான். நீங்க சொன்னா சரி."

அதற்கப்புறம் வெறும் இரைச்சல்தான்.

"மேட்டைத் தாண்டி இறங்கியிருப்பான், அதான் கேக்கலை" என்றார் ராஜாராமன். சொன்ன அவருக்கே நம்பிக்கை இல்லை. சங்கரி காளிகாட் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

டெலிபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். டாலிகஞ்சிலிருந்து வேலாயுதம்.

"அவசரம்னீங்களே சார், அதான் பிரின்ட் போடாம நெகட்டிவையே குடுத்தனுப்பிட்டேன். கறுப்பு வெள்ளைய மட்டும் மாத்திப் பாத்துக்குங்க!"