முருங்கை மரத்துப் பச்சோந்தி

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நாகலாபுரத்தில் சுந்தரேஸ்வரி பருத்திக்காட்டிலிருந்து ஒரு பச்சோந்தியைக் கொண்டுவந்து வீட்டு முருங்கை மரத்தில் விட்டாள்.

அன்றிலிருந்து அவள் கணவன் சாமித்துரையின் இரண்டு சிப்பிப்பாறை நாய்களும் பகலெல்லாம் மரத்தடியை விட்டு நகரவில்லை. அண்ணாந்து பார்த்துக் குரைத்துக்கொண்டே கிடந்தன.

“ஏட்டி, அதைக் காட்டுலயே கொண்டு விட்டுரு. நாய்க சோறு திங்க மாட்டேங்குது.”

“நாயைக் கொண்டு விடுங்க. இது குரைக்குதா, கடிக்குதா? வெட்டுக்கிளியைத் தின்னுட்டு அதுபாட்டுக்கு இருக்கு.”

“நாய் போனா நானும் போயிருவேன்.”

“போறப்ப மறக்காம துண்டை எடுத்துக்கிடுங்க.”

அடுத்த ஞாயிறு மதியம் வனத்துறை ஜீப் வாசலில் வந்து நின்றது. வனவர் பச்சோந்தியைப் பிடித்து அட்டைப்பெட்டியில் வைத்தார்.

“காட்டு உயிரை வீட்டுல வளர்க்கக் கூடாதும்மா. தெரியாமச் செஞ்சிட்டீங்க, விட்டுருதேன். போன் பண்ணுன உங்க வீட்டுக்கார அண்ணாச்சிக்குத்தான் நன்றி சொல்லணும்.”

சுந்தரேஸ்வரி கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். சண்டைக்குத் தயாராக நின்ற சாமித்துரைக்கு, அவள் இலையும் குழம்புச் சட்டியுமாகத் திரும்பியதும் மூச்சு வந்தது.

“வந்தது வந்தீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க ஐயா.”

“கறி மணக்குதே! கோழியாம்மா?”

“முயலு ஐயா. இவிய நாய்க நேத்து ராத்திரி கருவக்காட்டுல விரட்டிப் பிடிச்சது. வாரம் தவறாமப் பிடிக்கும்.”

பச்சோந்தியும் சாமித்துரையும் ஒரே ஜீப்பில் போனார்கள்.