நனையாத மூலை

உள்ளே கைதட்டல் கேட்டது.

புகைப்படக் கண்காட்சி நடந்த ஹாலுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சுடலைக்கண்ணு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். படம் எடுத்த ஒன்பது பேரும் வெளியேதான் இருந்தார்கள். கூப்பிடும்போது வந்தால் போதுமாம்.

தெருவில் படுக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு ஃபிலிம் கேமரா கொடுத்து, "உங்க ஊரை எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பியவள் ஆர்ஷா என்ற மலையாளப் பெண். மற்றவர்கள் கடலையும் கோயிலையும் எடுத்தார்கள். சுடலைக்கண்ணு இருபத்தேழு படமும் ஒரே கடை வராந்தாவை எடுத்துவிட்டான்.

"மொத்த ஃபிலிமும் வேஸ்ட் சேட்டா!" என்று போன வாரம் கத்தியவள் இப்போது ஓடி வந்தாள்.

"சேட்டா, வேகம் வாங்க! திறந்து வைக்க வந்த திரவியம் முதலாளி உங்க படத்து முன்னாடியே நிக்கறார். அசையவே இல்ல!"

சுடலைக்கண்ணு அவள் பின்னாலேயே உள்ளே ஓடினான். அவர் பார்க்கத்தானே எடுத்தான்.

ஆரியசாலையில் திரவியத்தின் மொத்த மளிகைக் கடை. தினமும் கடை அடைத்ததும் வேலையாள் ராஜமணி வராந்தா முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவான். யாரும் படுத்துவிடக் கூடாது. அங்கே படுக்க வரும் நாலைந்து பேர் விடியும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"மொதலாளிக்குத் தெரியாதுவே. தெரிஞ்சா விடுவாரா? வெள்ளிக்கெழமைதோறும் கஞ்சி ஊத்துத மனுசன்லா" என்று சுடலைக்கண்ணு அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பான்.

படத்தில் ஈர வராந்தா மினுங்கியது. தூண் மூலையில் மட்டும் பாய் அளவுக்குக் காய்ந்த தரை. அதில் ராகேல் சுருண்டு கிடந்தாள்.

"என்ன ஒரு வெளிச்சம்!" என்றார் யாரோ.

"நம்ம கடைதானே?" திரவியம் திரும்பாமலே கேட்டார்.

"ஆமா மொதலாளி. ராஜமணி தண்ணி ஊத்திருதான். ஈரத்துல எப்படிப் படுக்க? இவ ராகேலு. இருமினா ரெத்தமா வருது. இவ ஒருத்திதான் அந்த மூலையில முடங்கிக்கிடுவா. அங்கன மட்டும் தண்ணி எட்டாது போல."

"தினமுமா?"

"தினமும்தான். எல்லாப் படத்துலயும் பாருங்க."

திரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆர்ஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல வேளை, காட்டினே. நான் பாத்துக்கிடுதேன்" என்று அவன் தோளில் தட்டினார்.

டீ கொடுத்தார்கள். சுடலைக்கண்ணு குடிக்க நிற்கவில்லை. ஆரியசாலைக்கு ஒரே நடையாக நடந்தான்.

"எட்டி ராகேலு! இன்னைக்கு எல்லாரும் காலை நீட்டிப் படுக்கலாம். மொதலாளி அழுதாருட்டி!"

"நீரு கண்டீரோ?"

"கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. நான் கண்டேன்."

"தூசி இருந்திருக்கும்" என்று சிரித்தாள் ராகேல். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கடை அடைக்கிற நேரம் கார் வந்து நின்றது. தெருவின் எதிர்ச் சாரியில் இருவரும் எழுந்து நின்றார்கள். சுடலைக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டான்.

திரவியம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நேராகத் தூண் மூலைக்குப் போய், செருப்புக் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏம்லே ராஜமணி, எல்லா எடமும் ஊத்துத. தினமும் இந்த மூலைய மட்டும் எதுக்குலே விட்டுட்டுப் போற?"

ராஜமணி எதிர்ச் சாரியை ஒரு தடவை பார்த்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.