துரைக்குப் பத்து நாள்

“பத்தே நாள்தான். அப்புறம் தொட்டியிலேயே கொண்டுவந்து விட்டுடலாம்” என்றாள் அம்மா.

மதுவந்தி வலையைக் கையிலிருந்து விடவில்லை. நீலப் பிளாஸ்டிக் டப்பில் துரை ஓரமாக ஒதுங்கி, செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. பச்சை உடம்பு, பிறை மாதிரி வால். அப்பா வாங்கிய கடல் மீன்களில் மிஞ்சியிருப்பது ராஸ் என்கிற வகையைச் சேர்ந்த அந்த ஒன்றுதான். அப்பா போய் இரண்டு வருஷமாகிறது.

“அது என்ன தப்பு பண்ணித்து?”

“தப்பு ஒண்ணும் இல்லடி. புதுசா யார் வந்தாலும் அதுக்குப் பிடிக்கலையே. போன தடவை விட்டதைத் துரத்தித் துரத்தி, தண்ணிக்கு வெளியில குதிக்க வச்சுடுத்து. கார்த்தால தரையில காஞ்சு கிடந்ததே, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அதை எடுத்துப் போட்டதே மதுவந்திதான்.

புது மீன் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைக்குள் தொட்டியின் மேலே மிதந்துகொண்டிருந்தது. மேல் பாதி மஞ்சள், கீழ்ப் பாதி வெள்ளை, விரல் நீளம். அதுவும் ராஸ்தான், வேறு வகை. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துக்குப் போன ஹென்றி அங்கிள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்.

அம்மா வேலை பார்க்கும் கல்லூரியில் அவர் இயற்பியல் லெக்சரர். ஞாயிற்றுக்கிழமைதோறும் திருவான்மியூரிலிருந்து இரண்டு கேன் கடல் தண்ணீர் லூனாவில் கொண்டுவருவார். காபியை நின்றபடியே குடிப்பார். முதல் தடவை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவரிடம், “அது அப்பாவோடது” என்று மதுவந்தி சொன்னதிலிருந்து அப்படித்தான்.

“இது கடிக்குமா?” என்று அம்மாவைக் கேட்டாள் மதுவந்தி.

“சாது. பவளத்தைத் தொடாது, பூ மாதிரி விரிஞ்சிருக்கே, அந்தக் கடல் சாமந்தியையும் கொத்தாது. எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வாங்கிண்டு வரச் சொன்னேன். துரையோட ஒத்துப்போகணுமேன்னுதான் கவலை.”

அம்மா தொட்டித் தண்ணீரில் கையை முழங்கை வரை விட்டுப் பாறைகளை நகர்த்த ஆரம்பித்தாள். இடது பக்கத்துப் பாறை வலது பக்கம் போயிற்று. துரை ராத்திரி ஒண்டிக்கொள்ளும் இடுக்கு இருந்த இடம் தெரியவில்லை.

“அதோட இடத்தை ஏம்மா கலைக்கறே?”

அம்மா கடைசிக் கல்லையும் வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

“தன் இடம்னு நினைக்கறதாலதானே அதுக்கு அத்தனை கோபம்? கொஞ்ச நாள் கண் மறைவா இருக்கட்டும். அதுக்குள்ள புதுசு பழகிக்கும். திரும்பி வரச்சே கல்லெல்லாம் மாறியிருந்தா வேற வீடு மாதிரி இருக்கும். தானும் புதுசுன்னு நினைச்சுண்டு அடங்கிடும்.”

“ஏமாத்தறோம்னு அதுக்குத் தெரியாதா?”

“மீனுக்கு என்ன தெரியும்?”

அம்மா துடைத்த கையையே மறுபடியும் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. பாலவாக்கம் மாமா. காலாண்டு லீவு முழுக்க மதுவந்திக்கு அவர் வீடுதான். இங்கே பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். அந்த வாசனை பட்டால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

“போர்வையை எடுத்துண்டு வந்துடறேன்.”

அவளும் அம்மாவும் படுக்கும் அறைக்குள் போனாள். அவள் கட்டிலைக் காணோம். காலையில் பாட்டு கிளாசுக்குப் போகும்போது இங்கேதான் இருந்தது.

பின்னறையில் எட்டிப் பார்த்தாள். சுவரோரமாகப் போட்டிருந்தது. புது விரிப்பு. தலைமாட்டு அலமாரியில் அவள் பாடப் புத்தகங்கள், ஜாமெட்ரி பாக்ஸ், பொம்மைகூட வரிசையாக இருந்தன. ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டியிருந்தது.

திரையை ஒரு தடவை இழுத்து மூடிப் பார்த்தாள். அப்புறம் போர்வையை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, டப்பின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். துரை அசையவில்லை.

“என்னடி, மாமா காத்துண்டிருக்கார். பத்தே நாள்தானே?”

மதுவந்தி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஹென்றி அங்கிள் மொதல்ல வந்து பழகிக்கட்டும்மா. நான் அப்புறமா வரேன்.”