பெரட்டுக்களத்தில் இறங்கிய விமானம்

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நான் தந்த தவணை முடிஞ்சுது. அத்தாட்சி எங்கை, மாரிசாமி?"

கேட்டவர் நமுனுகுலத் தேயிலைத் தோட்டமொன்றின் புது மானேஜர் கிஷாந்தன். மாரிசாமி சீனித் தகரத்தை அவசரமாக பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தார்.

அவருடைய தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு பலகை இருந்தது. 'விமானப் பந்தய வீராங்கனை மிஸ் பிளென்ஹாட் 1934இல் இறங்கிய இடம்.' அதைப் படம் பிடிக்க வேன்கள் நிற்பதால்தான் கடையே ஓடியது.

"அத்தாட்சி எதுக்குங்க தொரை? லண்டன்ல இருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பந்தயம். ஆம்பளைங்க நாப்பது பேரு, இந்தம்மா ஒருத்தி. பொம்பளைக்கு மேகத்துல பாதை தெரியாதுன்னு சிரிச்சாங்க. அத்தன பேரையும் முந்திக்கிட்டு வர்றப்ப இங்க பெட்ரோல் தீந்துபோச்சு. மலை பூரா பனி. நம்ம கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க முந்நூறு பேரும் இடுப்புல கட்டுற சாக்குப் படங்க அவுத்து, காலையில பேரு கூப்பிடுற இந்தப் பெரட்டுக்களத்துல வரிசையா விரிச்சாங்க. அதுமேல பூ மாதிரி வந்து எறங்குச்சு பாருங்க பிளேன்!"

"போன மாசம் இருநூறு பேர் எண்டு சொன்னீங்கள்."

"பக்கத்து டிவிசன் ஆளுங்கள விட்டுட்டேன்ங்க."

கிஷாந்தன் சிரிக்கவில்லை. "கொம்பனி கேக்குது. அத்தாட்சி இல்லையெண்டால் பலகையும் இருக்கேலாது, கடையும் இருக்கேலாது. கழட்டுங்கோ."

மாரிசாமி ஆணியைப் பாதி பிடுங்கியபோது, பதுளையிலிருந்து வந்த வேன் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காமிலா குதிக்காத குறையாக இறங்கினாள்.

"கழட்ட வாணாம்! உங்கட பலகையப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் ஓடி வாறேன்."

அவள் துணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். தோல் பட்டி வைத்த பழைய விமானிக் கண்ணாடி!

"மிஸ் பிளென்ஹாட் எங்கட வாப்பாட வாப்பா, மூத்த வாப்பாட கடையில மறந்து வச்சிட்டுப் போனது சேர். ஒரே இருப்புல பதினெட்டு அப்பம் திண்டாவாம். படங்கு விரிச்ச கதையச் சொல்லிச் சொல்லி அழுதாவாம்."

கிஷாந்தன் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் இளகியது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாரிசாமி. பலகையை இன்னும் பெரிசாக்குங்கோ. இங்கிலீசிலயும் எழுதுங்கோ."

அவர் ஜீப் வளைவில் மறைந்தது. "நாளைக்கு எங்கட கடையிலயும் ஒரு பலகை வக்கிறேன் ஐயா" என்று கும்பிட்டுவிட்டுக் காமிலாவும் போனாள்.

மாரிசாமி பிரமை பிடித்தவர்போல் நின்றார். பிறகு பெஞ்சுக்கடியிலிருந்து தகரத்தை இழுத்து, துருவைத் துடைத்தார். 'மிஸ் பிளென்ஹாட் கிரீம் பிஸ்கட்' என்ற எழுத்துகளின் கீழே சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்ணை உற்றுப் பார்த்தார்.

"நான் ஒங்கள எறக்கி மட்டுந்தானே விட்டேன் தாயே... பதினெட்டு அப்பம் எப்பத் தின்னீங்க?"