மாவு தீரும் வரை

மூடியைத் திறந்தேன். ஜாடியில் கழுத்து வரை மாவு இருந்தது.

போன சனிக்கிழமை அடியை வழித்து எடுத்திருந்தேன். கரண்டி கண்ணாடியில் உரசிய சத்தம் கூடத்தில் இருந்த மாமியாருக்கும் கேட்டிருக்கும்.

கதவுக்குப் பின்னால் என் பை தயாராக இருந்தது. செபு நகருக்குப் போகும் கப்பல் பத்து மணிக்கு. திங்கட்கிழமை காலை அங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர வேண்டும். மூன்றாம் முறையாக அழைத்திருந்தார்கள். நான்காம் முறை அழைக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி அனலின் காய்ச்சலில் போனாள். மூன்றே நாள்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், எல்லோர் முன்னாலும் நான்தான் வாயை விட்டேன். அவள் காயவைத்து அரைத்த ராசவள்ளிக் கிழங்கு மாவு தீரும் வரை இந்த வீட்டில் இருக்கிறேன் என்று. அல்வா கிண்ட, சனிக்கிழமைக்கு ஒரு கிண்ணம். படித்தவன் அல்லவா, அங்கேயே கணக்குப் போட்டேன். பதினான்கு வாரம்.

இன்று நாற்பத்தொன்றாவது சனிக்கிழமை.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாவு இரண்டு அடுக்காகத் தெரிந்தது. மேல் பாதி வெளிர் ஊதா. கீழ்ப் பாதி கொஞ்சம் அடர்த்தி. நடுவில் ஒரு கோடு. இரண்டுமே கடை மாவு. அனலின் அரைத்தது இவ்வளவு மென்மையாக இருக்காது. பல்லில் நறநறக்கும்.

“என்னப்பா, இன்னும் கிளம்பலையா?”

பக்கத்து வீட்டு நேனெங் அக்கா ஜன்னலில் தட்டோடு நின்றாள். சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள்.

“எத்தனை தடவைதான் அந்தப் பையைக் கட்டி அவிழ்ப்பே? நீ ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பை கிழிஞ்சிடும்.”

“மாவு தீரல, அக்கா.”

“எங்க வீட்டு அரிசிக்கு இந்த வரம் கிடைக்கலையே!”

என் முகத்தையே பார்த்துச் சிரித்தாள். தட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு கிண்ணம் மாவை வெந்நீரில் ஊறவைத்தேன். சட்டியில் தேங்காய்ப்பால், டின் பால், வெண்ணெய். மாவைச் சேர்த்து, தீயைக் குறைத்து, கிண்டத் தொடங்கினேன்.

தொடங்கினால் நிறுத்த முடியாது. கையை எடுத்த நிமிடம் அடிப்பிடிக்கும். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை ஒரு மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும்.

சுவர்க் கடிகாரத்தில் எட்டே முக்கால். துறைமுகத்துக்கு ஜீப்பில் அரை மணி நேரம். இந்தக் கணக்கும் எனக்குத் தெரியும்.

மாமியார் உள்ளே வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்தாள்.

“அவ கைராசி, டோங்,” என்றாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; தம்பி என்பதுபோல எப்போதும் டோங்தான். “அள்ள அள்ள இருக்கு பாரு.”

அவள் கீழுதட்டில் ஊதாவாக ஒரு புள்ளி இருந்தது.

எங்கள் போஹோல் தீவில் ராசவள்ளிக் கிழங்கு கை நழுவித் தரையில் விழுந்தால் சும்மா எடுத்து வைக்க மாட்டோம். முத்தமிட்டு மன்னிப்புக் கேட்போம். பஞ்சத்தில் உயிர் காத்த கிழங்கு. மாவு சிந்தினாலும் அதேதான். விரலால் ஒற்றி உதட்டில் வைப்போம். உதட்டு ஈரத்தில் மாவு மை போல ஊறிவிடும். லேசில் போகாது. அனலின் இரண்டு முறை அப்படியே கோயிலுக்கு வந்திருக்கிறாள்.

ஜாடியில் கொட்டும்போது மாமியாருக்குச் சிந்தியிருக்கிறது. திருட்டுத்தனமாகச் செய்கிற வேலையிலும் குனிந்து முத்தமிடாமல் இருக்க அவளால் முடியவில்லை.

அனலின் போய்ப் பதினோரு மாதம்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். கை மட்டும் கிண்டிக்கொண்டிருந்தது.

“அம்மா,” என்றேன். “உதட்டைத் துடைச்சுக்கங்க.”

உதட்டைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். மறுக்கவில்லை, முகமும் மாறவில்லை.

“மேல இருக்கிறது நான் போட்டது,” என்றாள். “விடியறதுக்கு முன்னாடி வந்து மூடியைத் திறந்தேன். பாதி ஜாடி ஏற்கெனவே இருந்துச்சு.”

நான் சட்டியைப் பார்த்தேன். ஓரங்களில் குமிழி விட்டது.

“போன தடவை தீர்ந்தப்பவும் அப்படித்தான். அதுக்கு முந்தின தடவையும்.”

எழுந்து அருகில் வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியின் நுனியைத் தண்ணீரில் நனைத்தாள். ஒரு கையால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீ கிண்டு, டோங். அடிப்பிடிக்குது.”

கிண்டினேன். அவள் என் கீழுதட்டை அழுத்தித் துடைத்தாள். துணி ஊதாவானது.