கத்தரிக்கோல் எழுத்து

அருங்காட்சியகத்தில் வேலைக்கான நேர்காணல்.

“பழைய எகிப்து எழுத்தைத் தண்ணி பட்ட பாடா வாசிக்கிறீங்களே, எப்பக் கத்துக்கிட்டீங்க?” என்றார் இயக்குநர்.

“ஆறு வயசுல சார். அம்மா வேலைக்குப் போனதும் அழுவேன். தையல்காரத் தாத்தா வெட்டுத்துணியில சாக்பீஸால ஆந்தை, பாம்பு, கண்ணுன்னு வரைவார். ஒவ்வொண்ணும் ஒரு எழுத்து. அதுலதான் நாங்க ரகசியம் எழுதிக்குவோம்.”

“கொடுத்துவெச்சவங்க. அவர் எங்க படிச்சார்?”

“எங்கயும் இல்ல சார். அவர் சொன்னதுல ஒரு எழுத்துகூடச் சரியில்லன்னு காலேஜ்ல நிஜ எழுத்தைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. எல்லாம் அவர் கைச்சரக்கு. என் பேருல கத்தரிக்கோல்கூட வரும்.”

இயக்குநர் சிரித்துவிட்டார். “ஏமாத்திட்டாரேன்னு தோணலையா?”

“எகிப்துக்காரங்களுக்கு அவங்க எழுத்தை உண்டாக்கத் தலைமுறை தலைமுறையா ஆச்சு சார். எங்க தாத்தா, பேத்தி அழக்கூடாதுன்னு ஒரே காலையில உண்டாக்கிட்டார்.”